ஒரு சீரியல் போர்ட்டை இருவர் கேட்டால்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் லாரி இரண்டு முறை எடைமேடை ஏறும். உள்ளே போகும்போது லோடோடு ஒரு முறை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக ஒரு முறை. மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் தரும் மில்லிவோல்ட்டை, கேபினில் உள்ள இண்டிகேட்டர் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அதே எண்ணைத் தன் முதுகில் உள்ள சீரியல் போர்ட் வழியாக ஓயாமல் அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டருக்கு அந்த எண் வேண்டும். டிரைவர் பார்ப்பதற்காக வெளிச் சுவரில் மாட்டிய பெரிய சிவப்பு எழுத்துப் பலகைக்கும் வேண்டும். கணக்குப் பிரிவுக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டருக்கும் ஒரு வயர் இழுக்கச் சொல்கிறார்கள். போர்ட் என்னவோ ஒன்றுதான்.

எடைமேடையோடு இது நிற்பதில்லை. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவிலும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு மூன்று சிஎன்சி லேத்துகளுக்கு புரோகிராம் அனுப்ப வேண்டியிருக்கும். உருக்காலை ஆய்வகத்தில் இரும்பின் கலவையைச் சோதிக்கும் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டரின் முடிவு இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். எங்கேயும் முதலில் வரும் யோசனை ஒன்றே: ஒய் வடிவில் ஒரு கேபிள் அடித்துவிட்டால் போயிற்று. இந்த வீட்டு வைத்தியம் சில இடங்களில் பல ஆண்டு உழைக்கிறது. சில இடங்களில் முதல் நாளே மக்கர் செய்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் தவறான எண்ணைக் காட்டும் மூன்றாவது வகைதான் ஆபத்தானது. மூன்றுக்கும் காரணத்தைத் தேடிப் போனால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று தெரிகிறது.

சீரியல் போர்ட்டின் இலக்கணமான ஆர்எஸ்-232 அமெரிக்காவில் 1960-இல் வெளியானது. இன்றும் நாம் பின்பற்றும் வடிவம் பெரும்பாலும் 1969-இல் வந்த ‘சி’ பதிப்பினுடையது. ஒரு டெலிபிரிண்டரையும் ஒரு மோடத்தையும் இணைப்பதற்காக எழுதப்பட்ட இலக்கணம் அது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். மூன்றாமவர் என்ற எண்ணமே அதில் கிடையாது. அனுப்பும் பின் சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்ட்டில் நிற்கும். எழுத்து போகும்போது பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாறி மாறித் தாவும். அனுப்புபவர் குறைந்தது 5 வோல்ட் தர வேண்டும், வாங்குபவர் 3 வோல்ட் வந்தாலே புரிந்துகொள்ள வேண்டும். இடையில் உள்ள 2 வோல்ட், வழியில் சேரும் இரைச்சலுக்காக விட்டுவைத்த இடம். எந்த இரண்டு பின்னைத் தவறாகச் சேர்த்தாலும் போர்ட் கருகிவிடக் கூடாது என்பதும் இலக்கணத்திலேயே உண்டு. தொழிற்பேட்டைகளில் ஆளாளுக்குக் கேபிளை வெட்டி ஒட்டியும் இத்தனை போர்ட்டுகள் பிழைத்துக் கிடப்பதற்கு அந்த ஒரு விதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உலகம் முழுவதும் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் சீரியல் பிரிப்புக் கேபிள் என்றதும் நினைப்பது சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் வகை வொர்க்ஸ்டேஷன்களை. அங்கே உள்ள சிக்கல் மிக எளிது. 1994-இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20 ஆகியவற்றின் பின்பக்கத்தில் 25 பின் சீரியல் கனெக்டர் ஒன்றுதான் தெரியும். உள்ளே இருப்பதோ ஏ, பி என்ற இரண்டு முழுமையான போர்ட்டுகள். இடம் போதாததால் இரண்டையும் ஒரே கனெக்டருக்குள் திணித்துவிட்டார்கள். ஏ போர்ட் வழக்கமான 2, 3, 4, 5, 7, 8 எண்களில் வரும். பி போர்ட் அனுப்புவது 14-இல், வாங்குவது 16-இல். தயாரா என்று சைகை காட்டிக்கொள்ளும் அதன் கைகுலுக்கல் வயர்கள் 19, 13, 12-இல் கிடக்கும். இந்த எண்கள் ஒன்றும் சன் தானாகக் கண்டுபிடித்தவை அல்ல. ஆர்எஸ்-232 இலக்கணம் ‘இரண்டாம் தடம்’ என்று ஒதுக்கி வைத்து, பெரும்பாலோர் தொடாமலே விட்ட பின்கள் அவை.

ஆகவே பி போர்ட்டுக்குத் தனிக் கனெக்டர் செய்ய 14-ஐ 2-க்கும், 16-ஐ 3-க்கும், 19-ஐ 4-க்கும், 13-ஐ 5-க்கும், 12-ஐ 8-க்கும் கொண்டுபோனால் போதும். 7-ஆம் பின் இருவருக்கும் பொதுவான கிரவுண்ட், அதை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. இதில் மின்சாரக் கணக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் எதுவும் பகிரப்படவில்லை. ஏற்கெனவே இரண்டாக இருந்தது இரண்டாக வெளியே வருகிறது. சன் பெட்டிக்கு இவ்வளவு சுலபமாக அமைந்த வேலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

எடைமேடையில் நிலைமை வேறு. அங்கே உண்மையிலேயே ஒரு போர்ட்தான். ஆனால் அதிர்ஷ்டவசமாக அது பேசுகிற போர்ட். கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இண்டிகேட்டர் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும் முறையில் வைக்கப்பட்டிருந்தால், அதன் அனுப்பும் பின்னிலிருந்து இரண்டு வயர் இழுத்து இரண்டு கம்ப்யூட்டரின் வாங்கும் பின்னிலும் சேர்க்கலாம். கிரவுண்ட் மூன்றுக்கும் பொது. வாங்கும் பக்கம் ஒவ்வொன்றும் 3,000 முதல் 7,000 ஓம் வரை சுமை தர வேண்டும் என்பது இலக்கணம். பெரும்பாலான சிப்புகளில் இது சுமார் 5,000 ஓம். இரண்டு சேர்ந்தால் 2,500. அனுப்பும் சிப் 3,000 ஓமில் 5 வோல்ட் தருவதாகத்தான் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. நாம் அதைக் கொஞ்சம் மீறுகிறோம். மாக்ஸ்232 போன்ற சிப்புகள் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலேயே தருவதால், இரண்டு பேர் கேட்டாலும் 3 வோல்ட் என்ற தரைக்கு மேல் தாராளமாக நிற்கும். நான்கு பேர் கேட்டால் அந்தத் தாராளம் கரைந்துவிடும். இரண்டோடு நிறுத்துவதுதான் நல்லது என்பேன்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சிலவே. பழைய 25 பின் கம்ப்யூட்டர் போர்ட்டில் அனுப்புவது 2, வாங்குவது 3, கிரவுண்ட் 7. 1984-இல் ஐபிஎம் ஏடி கொண்டுவந்த 9 பின் போர்ட்டில் வாங்குவது 2, அனுப்புவது 3, கிரவுண்ட் 5. இந்த இடமாற்றம் வீணடித்த மாலைகளுக்கு அளவே இல்லை. இண்டிகேட்டர் தயாரிப்பாளர்களோ இந்த இரண்டு மரபையும் மதிப்பதில்லை, பின் எண்கள் அவரவர் விருப்பம். கையேடு தொலைந்திருந்தால் மல்டிமீட்டரைத்தான் நம்ப வேண்டும். கிரவுண்டுக்கு எதிராக ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தால் அனுப்பும் பின் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓயாமல் பேசும் இண்டிகேட்டரில் மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்காமல் மைனஸ் பக்கம் அலைந்துகொண்டிருக்கும். பழுது என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் பேச்சு.

அடுத்தது, அவசரத்தில் பலரும் தவறவிடும் இடம். இரண்டாவது கம்ப்யூட்டரின் அனுப்பும் பின்னை எங்கும் சேர்க்கக் கூடாது. இண்டிகேட்டருக்குப் பதில் அனுப்பும் உரிமை ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே. முடிந்தால் அதுவும் வேண்டாம். ‘இருக்கட்டுமே’ என்று எல்லா வயரையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிட்டால், இரண்டு கம்ப்யூட்டர்களின் அனுப்பும் பின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒன்று பிளஸ்ஸுக்கு இழுக்க மற்றது மைனஸில் பிடித்துக்கொண்டு நிற்கும். சிப் கருகாது, ஆனால் பூஜ்யக் கட்டளையும் நிகர எடைக் கேள்வியும் பாதியில் சிதையும். ஷீல்டு வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் கனெக்டர் உடலோடு சேர்ப்பது, சால்டர் வைத்த ஒவ்வொரு பின்னுக்கும் ஹீட் ஷ்ரிங்க் போடுவது, கேபிளை ஹூட்டுக்குள் கிளாம்ப் செய்வது எல்லாம் வழக்கமான ஒழுங்குகள். பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்று எட்டும் இந்தப் பகுதியில் ஹூட் இல்லாமல் தொங்கவிட்ட கனெக்டரின் பின்கள் சீக்கிரமே பச்சை பிடிக்கும்.

வெளிச் சுவர்ப் பலகைக்குத் தனிக் கணக்கு. பல பலகைகள் ஆர்எஸ்-232 வாங்குவதில்லை, 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப் என்ற டெலிபிரிண்டர் காலத்து முறையில் வேலை செய்கின்றன. அதில் வோல்ட்டுக்குப் பதிலாகக் கரண்ட் பேசுகிறது. எனவே இரண்டு பலகை வேண்டுமென்றால் பக்கவாட்டில் பிரிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்க வேண்டும். ஒய் கேபிள் பழக்கத்தில் இதையும் பிரித்தால் கரண்ட் இரண்டாகப் பங்கு போய் இரண்டு பலகையும் இருண்டு நிற்கும். நீண்ட தூரத்தைக் கரண்ட் லூப் நன்றாகத் தாங்கும் என்பதால், கேபினிலிருந்து கேட் வரை போகும் வயருக்கு இந்தப் பழைய முறை இன்றும் பொருத்தமே.

இங்கே தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. பில்லில் அச்சாகும் எடையைக் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் தருகிறது, சுவர்ப் பலகையோ இண்டிகேட்டர் சொன்னதை அப்படியே காட்டுகிறது. இரண்டும் ஒரே போர்ட்டிலிருந்து நேரடியாகப் பிரிந்தால், டிரைவர் கண்ணால் பார்த்ததையும் கையில் வாங்கியதையும் ஒப்பிட முடியும். கம்ப்யூட்டர் வாங்கிப் பிறகு பலகைக்கு அனுப்பும் ஏற்பாட்டில் இந்தச் சாட்சி போய்விடுகிறது. ஆகவே எடைமேடையில் பலகைக்கு வயர் இண்டிகேட்டரிலிருந்தே வர வேண்டும் என்பது என் கருத்து. சட்டப்பூர்வ எடையளவுச் சட்டம், 2009-இன் கீழ் எடைமேடைக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. பிரிப்பு வேலை எதுவானாலும் அந்த முத்திரைக்கு வெளியே, இண்டிகேட்டரின் வெளியீட்டுப் பக்கத்தில் மட்டுமே நடக்க வேண்டும். லோடு செல் வயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் யாரும் சால்டரிங் அயர்னோடு போகக் கூடாது.

சிஎன்சி லேத்துக்கு வந்தால் கதை தலைகீழ். பழைய ஃபனுக் கன்ட்ரோல்களில் நினைவகத்தை மீட்டர் கணக்கில் சொல்வார்கள். 80 மீட்டர் என்றால் 80 மீட்டர் நீளக் காகித நாடாவில் துளையிட்டால் கொள்ளும் அளவு, அதாவது சுமார் 32 கிலோபைட். அச்சு (மோல்டு) வேலைக்கான நீண்ட புரோகிராம் இதற்குள் அடங்காது. எனவே லேத்தோ மில்லிங் மிஷினோ ஓட ஓடக் கம்ப்யூட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக வரி வரியாக அனுப்புவார்கள். உள்ளே இடம் நிறைந்ததும் மிஷின் 19 என்ற எண்ணுள்ள எழுத்தை அனுப்பி ‘நிறுத்து’ என்கிறது. இடம் காலியானதும் 17-ஐ அனுப்பி ‘தொடர்’ என்கிறது. ஆக, கேட்பவரும் இங்கே பேசுகிறார்.

ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒய் கேபிளில் இரண்டு மிஷின்களை இணைத்தால் ஒன்று நிறுத்தச் சொல்லும் அதே நேரத்தில் மற்றது தொடரச் சொல்லும். இரண்டு குரலும் ஒரே வயரில் மோதி எதுவும் கம்ப்யூட்டருக்குப் புரியாமல் போகும். கம்ப்யூட்டர் நிறுத்தாமல் அனுப்ப, மிஷின் எழுத்துகளைக் கீழே விடும். எடைமேடையில் ஒரு எழுத்து தவறினால் அடுத்த நொடி சரியான எண் வந்து ஈடுகட்டிவிடும். மிஷின் புரோகிராமில் ஒரு இலக்கம் தவறினால் டூல் போகக் கூடாத இடத்துக்குப் போகும்; சக்கில் மோதிய டூல் ஹோல்டரின் விலையோடு ஒப்பிட்டால் கேபிளில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. இந்த வேலைக்கு ஒய் கேபிள் கூடவே கூடாது. முன்பு ஒரு பிரிண்டரை இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பகிர ஏ, பி என்று திருகு குமிழ் வைத்த இரும்புப் பெட்டி வரும். அந்த டேட்டா சுவிட்ச் இன்றும் இந்த இடத்தில் சரியான விடை. எந்த மிஷினுக்கு வேலையோ அந்தப் பக்கம் குமிழைத் திருப்பினால் எல்லா வயரும் சேர்ந்து மாறும்; இருவர் பேச வழியே இருக்காது. புரோகிராம் ஓடும்போது யாரும் குமிழைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபனுக் கேபிள் அடிப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. அதன் 25 பின் கனெக்டரில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் நிற்கிறது. காகித நாடா வாசிப்பான் போன்ற வெளிக் கருவிகளுக்காகக் கொடுத்தது. சன் வொர்க்ஸ்டேஷனுக்கோ பிரிண்டருக்கோ வாங்கிய, 25 வயரும் நேராகப் போகும் ரெடிமேட் கேபிளை அப்படியே மாட்டினால், 24 வோல்ட் மறுமுனையில் எதன் வாயில் போய் விழும் என்று சொல்ல முடியாது. கனெக்டர் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் உள்ளேயும் ஒன்றுதான் என்று நம்புவது இந்தத் துறையில் அதிகம் செலவு வைக்கும் நம்பிக்கை. இதற்கு 2, 3, 7 ஆகிய மூன்று வயரை மட்டும் இழுத்து, மிஷின் பக்க ஹூட்டுக்குள்ளேயே 4-ஐ 5-உடனும், 6, 8, 20-ஐத் தமக்குள்ளும் சேர்த்துவிட்டால் கைகுலுக்கல் கேட்கும் கன்ட்ரோல் தன் கையையே குலுக்கிக்கொண்டு சமாதானம் அடையும். 4800 வேகம், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்பது ஃபனுக்கில் அடிக்கடி காணும் அமைப்பு. எடைமேடைப் பழக்கத்தில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்தால் திரையில் குப்பைதான் வரும். அப்போதும் பழி கேபிள் மேல்தான் விழும்.

இரண்டு கருவிகள் பேச ஒரு கம்ப்யூட்டர் கேட்க வேண்டிய நிலைமை அரிது, ஆனால் வரும். ஒவ்வொரு அனுப்பும் பின்னிலும் 1என்4148 போன்ற டயோடு ஒன்றை வைத்து, இரண்டின் மறுமுனையையும் சேர்த்து வாங்கும் பின்னுக்குக் கொடுத்து, அந்த இடத்தை ஒரு ரெசிஸ்டர் மூலம் மைனஸுக்கு இழுத்துவிட்டால் வேலை செய்யும். சும்மா இருப்பவர் மைனஸில் நிற்பதால் அவர் டயோடு அடைபட்டு ஒதுங்கிக்கொள்கிறது, பேசுபவரின் பிளஸ் மட்டும் உள்ளே போகிறது. கேட்காமலே பேசும் இண்டிகேட்டர்களுக்கு இது உதவாது. கேட்டால் மட்டும் பதில் சொல்பவற்றுக்கு, அதுவும் ஒருவர் முடித்தபின் அடுத்தவரைக் கேட்கும் சாஃப்ட்வேர் இருந்தால் மட்டும், உதவும்.

பலர் ஒய் கேபிள் தேடி அலைவது உண்மையில் ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு சாஃப்ட்வேர் ஒரே போர்ட்டைக் கேட்பதால்தான். விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேர் காம் போர்ட்டைத் திறந்துவிட்டால் இன்னொன்றுக்குக் கதவு அடைத்துவிடும். அதற்காக வெளியே வயர் பிரித்து இரண்டாவது போர்ட்டில் மாட்டுகிறார்கள். வேலை செய்யும், தப்பில்லை. ஆனால் காம்0காம் போன்ற இலவச சாஃப்ட்வேர் கற்பனை போர்ட்டுகளை உண்டாக்கி, வந்ததை இரண்டு பக்கமும் அனுப்ப வழி செய்கிறது. லினக்ஸில் செர்2நெட் அதே போர்ட்டை நெட்வொர்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. கணக்குப் பிரிவு தூரத்தில் இருந்தால் எனக்கு இந்த நெட்வொர்க் வழியே பிடிக்கும். சீரியல் வயரைக் கட்டடம் விட்டுக் கட்டடம் இழுப்பது இந்தத் தொழிற்பேட்டைகளில் வம்பை விலைக்கு வாங்குவது.

வம்பு கிரவுண்டிலிருந்து வருகிறது. ஆர்எஸ்-232-இல் எல்லா வோல்ட்டும் பொது கிரவுண்டை வைத்தே அளக்கப்படுகிறது. இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் ஓடும் வளாகத்தில் எடைமேடை கேபினின் எர்த்தும் அலுவலகத்தின் எர்த்தும் ஒரே வோல்ட்டில் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மூன்று கருவிகளைப் பிணைக்கும் ஒய் கேபிள் மூன்று கிரவுண்டையும் பிணைக்கிறது. வேறுபாடு சிறிதானால் எழுத்துகள் சிதறும். பெரிதானால் போர்ட் போகும். வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னல் காலத்தில் போர்ட் போவது இந்தப் பக்கம் புதுச் செய்தியே அல்ல. ஆப்டோ ஐசோலேட்டர் வைத்த பிரிப்பான் பெட்டி விலை அதிகம்தான், ஆனால் கட்டடம் தாண்டும் இணைப்புக்கு அது வேண்டும். அல்லது ஆர்எஸ்-485-க்கு மாறிவிட வேண்டும். 1983-இல் வந்த அந்த முறை இரண்டு வயருக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்ப்பதால் இரைச்சலைப் பெருமளவு பொருட்படுத்தாது. 1,200 மீட்டர் வரை போகும், ஒரே வயரில் 32 பேரைத் தாங்கும். பழைய ஆர்எஸ்-232 எழுதியவர்கள் யோசிக்காத மூன்றாமவருக்கு இடம் ஒதுக்கியது அதுவே.

சாமான் வாங்க இங்கிருந்து மின்சார ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போவதுதான் வழக்கம். கனெக்டர், ஹூட், ஷீல்டு வயர் எல்லாம் அங்கே குறைவில்லாமல் கிடைக்கும். யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரில்தான் கவனம் தேவை. எஃப்டிடிஐ, ப்ரொலிஃபிக் சிப்புகளுக்குப் போலிகள் ஏராளம். 2014-இல் எஃப்டிடிஐ வெளியிட்ட டிரைவர் சாஃப்ட்வேர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்து அவற்றைச் செயலிழக்கச் செய்து பெரிய சர்ச்சையானது. இன்னொன்று, ஆர்டுயினோ வேலைகளுக்காக விற்கும் மலிவான கன்வெர்ட்டர்கள் 5 அல்லது 3.3 வோல்ட்டில் பேசுபவை. மைனஸ் வோல்ட் என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. இண்டிகேட்டரின் 10 வோல்ட் அவற்றுக்குள் நேராகப் போனால் கன்வெர்ட்டர் காலி.

கன்வெர்ட்டர் வாங்குமுன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லாத பல மதர்போர்டுகளிலும் உள்ளே காம் என்று எழுதிய சிறிய பின் வரிசை இருக்கும். 9 பின் கனெக்டரோடு பட்டை வயர் வைத்த பிராக்கெட் ஒன்றை வாங்கி அதில் செருகினால் அசல் போர்ட் கிடைத்துவிடும், டிரைவர் தொல்லை கிடையாது. இந்த பிராக்கெட்டுகளில் இரண்டு விதமான வயர் வரிசை உண்டு, கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மல்டிமீட்டரில் தொடர்ச்சியைப் பார்த்து, உள்ளே உள்ள வரிசையில் எந்தப் பின் வெளியே 5-ஆம் பின்னுக்கு வருகிறது, அது மதர்போர்டு கையேட்டில் கிரவுண்ட் என்று போட்டிருக்கும் பின்தானா என்று உறுதிசெய்துகொண்டு மாட்ட வேண்டும்.